மதிப்புரைக்கு இரு பிரதிகள்

தமிழ் இதழ்களின் பின்பக்கங்களில் ஒரு சிறு அறிவிப்பு நெடுங்காலமாக இடம்பெற்று வந்திருக்கிறது. மதிப்புரைக்கு நூல் அனுப்புவோர் இரண்டு பிரதிகள் அனுப்ப வேண்டும் என்பது அது. அதன் அருகிலேயே 'வரப்பெற்றோம்' என்ற தலைப்பில் ஒரு பட்டியல்: நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், பக்கம், விலை. இவ்விரண்டையும் யாரும் நின்று படிப்பதில்லை. ஆயினும், இலவசமாகப் பெற்ற பொருளைப் பற்றி எழுதுகிறவர் அதைப் பெற்ற செய்தியையும் வாசகருக்குச் சொல்ல வேண்டுமா என்று இன்று கைப்பேசிக்கும் முகப்பூச்சுக்கும் உணவகத்துக்கும் எழுப்பப்படும் கேள்விக்கு, தமிழ் அச்சுலகம் தன்னையறியாமல் தந்த விடை அந்த இரு குறிப்புகளிலும் இருக்கிறது.

இரு பிரதிகளில் ஒன்று எழுதுபவருக்கு, மற்றொன்று இதழ் அலுவலகத்துக்கு. பெரும்பாலான இதழ்களில் மதிப்புரையாளருக்குக் கிடைத்த கூலியும் அந்த ஒரு பிரதிதான். 'வரப்பெற்றோம்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நாங்கள் கடையில் வாங்கவில்லை, எங்களைத் தேடி வந்தது என்று அது சொல்கிறது. 'மதிப்புரை' என்ற சொல்லும் அப்படியே. மதிப்பு என்பது விலையையும் குறிக்கும், பெருமையையும் குறிக்கும். விலை கொடாமல் பெற்ற ஒன்றின் பெருமையை உரைப்பது எப்படி என்னும் சிக்கல் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது.

இச்சிக்கல் அச்சோடு வந்ததன்று. பழைய பாயிர மரபிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பாயிரத்தின் இலக்கணத்தை முதலிலேயே வைத்துப் பேசுகிறது. எத்துணை அரிய நூலைச் செய்தவனாயினும் அவன் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகாது என்பது அதில் ஒரு விதி. அப்படியானால் சிறப்புப் பாயிரம் சொல்ல உரியவர் யார்? நூலாசிரியனுக்குக் கற்பித்த ஆசிரியன், அவனோடு உடன்பயின்றவன், அவனுடைய மாணாக்கன், நூலுக்குத் தகுந்த உரை செய்தவன் என நால்வரை நன்னூல் குறிப்பிடுகிறது. இன்றைய கண்ணோட்டத்தில் இது வியப்பளிக்கும். நால்வரில் ஒருவர்கூட அயலார் இல்லை. ஒவ்வொருவருக்கும் நூலாசிரியனோடு ஒரு பற்று உண்டு. ஆனால் அந்தப் பற்று இன்னதென்று இலக்கணமே வகுத்துச் சொல்லிவிடுகிறது. மாணாக்கன் சொன்ன பாயிரத்தைக் கேட்பவர் அதை மாணாக்கனின் சொல்லாகவே கேட்பார். கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொள்வார்.

தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனாரைத் தொல்காப்பியரோடு உடன்பயின்றவர் என்று உரையாசிரியர்கள் கூறுவர். அவர் நூலைப் புகழ்வதோடு நிற்கவில்லை. நூல் நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவையத்தில் அரங்கேறியது, அதங்கோட்டாசான் முன்னிலையில் ஆராயப்பட்டது என்று இடத்தையும் ஆளையும் சொல்லிவிடுகிறார். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டோடு காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாக எண்ணும் வழக்கும் உண்டு. களம் என்றால் எந்த அவை. காரணம் என்றால் எதன்பொருட்டு. நன்னூலின் சிறப்புப் பாயிரமே சீயகங்கன் என்னும் சிற்றரசன் கேட்டுக்கொண்டதால் அந்நூல் எழுந்தது என்பதை மறைக்காமல் உரைக்கிறது. கம்பர் தம்மை ஆதரித்த திருவெண்ணெய்நல்லூர்ச் சடையப்ப வள்ளலை இராமாயணத்துக்குள்ளேயே இடையிடையே நினைவுகூர்ந்தார். நூறு பாட்டுக்கு ஒருமுறை வைத்திருந்ததை அவையோர் சொல்லுக்கிணங்கி ஆயிரத்துக்கு ஒன்றாகக் குறைத்தார் என்றொரு கதையும் வழங்குகிறது. கதை எப்படியிருந்தாலும், சோறிட்டவர் யார் என்பதை நூலுக்குள் சொல்வது இழிவென்று அன்று எவரும் கருதவில்லை.

பாயிரம் மதிப்புரை ஆகாது என்று ஒருவர் மறுக்கலாம். உண்மைதான். பாயிரத்தின் வேலை நூலை அறிமுகம் செய்வது. ஆராயும் வேலை அரங்கேற்றத்தில் நடந்தது. காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் கச்சியப்பர் கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது முதற்பாட்டின் முதற்சொற்களிலேயே புணர்ச்சி பிழை என்று தடை எழுந்ததாகவும், அதற்கு வீரசோழியத்தில் விதி இருப்பதைக் காட்டிய பிறகே அவை அடங்கியதாகவும் மரபுக் கதை சொல்கிறது. இக்கதையில் நமக்கு வேண்டியது ஒன்றுதான். புகழ்வோருக்கு ஓரிடமும் கேள்வி கேட்போருக்கு வேறோரிடமும் இருந்தன. இரண்டையும் ஒருவரே ஒரே மூச்சில் செய்யும் நிலை அன்று இல்லை.

அச்சு வந்ததும் இவ்விரண்டும் கலந்தன. 19ஆம் நூற்றாண்டின் தமிழ் நூல்களைப் புரட்டினால், நூலுக்கு முன்னே பக்கம் பக்கமாகச் சாத்துகவிகள் நிற்பதைக் காணலாம். வித்துவான்களிடம் நூலைக் காட்டி, பாட்டு வாங்கி, நூலோடு சேர்த்து அச்சிடுவார்கள். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) இவ்வாறு பலர் நூல்களுக்குப் பாடிக்கொடுத்தவர். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளையின் நெருங்கிய நண்பர் அவர். அந்நண்பர்மீதே குளத்தூர்க் கோவை பாடினார். இதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. சாத்துகவியின் தலைப்பிலேயே இன்ன ஊர், இன்னார் மாணாக்கர், இன்ன உறவினர் என்று எழுதும் வழக்கம் இருந்தது. பாட்டைப் படிக்குமுன் உறவைப் படித்துவிடலாம்.

அந்தத் தலைப்பு கழன்று விழுந்த பிறகே பழுது தொடங்குகிறது. சாத்துகவி உரைநடையாகி 'அபிப்பிராயம்' ஆயிற்று. அபிப்பிராயங்களை நறுக்கி ஒரு வரி, இரு வரியாக அட்டையிலும் விளம்பரத்திலும் போட்டார்கள். சொன்னவரின் பெயரும் பட்டமும் எஞ்சின. அவர் நூலாசிரியருக்கு ஆசிரியரா, கடன்பட்டவரா, சம்பந்தியா என்ற செய்தி மட்டும் உதிர்ந்துபோயிற்று. நன்னூல் கேட்ட தகுதிகளுள் முதன்மையானது அதுவே.

இங்கிலாந்திலும் ஏறத்தாழ இதே மாற்றம் நடந்தது. 1830 ஏப்ரலில் எடின்பரோ ரெவ்யூ இதழில் மெக்காலே எழுதிய ஒரு கட்டுரை, ராபர்ட் மாண்ட்கோமரி என்னும் கவிஞரைக் கிழித்துப் போட்டதற்காக இன்றும் பேசப்படுகிறது. கவிஞரைவிட அவரைத் தூக்கிப்பிடித்த புகழ்ச்சி வாணிபமே மெக்காலேயின் உண்மையான இலக்கு. புரவலரை நம்பி, முகத்துதி எழுதிப் பிழைத்த காலம் போயிற்று. இப்போது பதிப்பாளரே தம் கைவசமுள்ள இதழ்களில் தம் நூலைப் புகழ்ந்து எழுதச் செய்கிறார் என்பது அவருடைய குற்றச்சாட்டு. புரவலர் காலத்தில் புகழ்ச்சியின் விலை நூலின் முதற்பக்கத்திலேயே அச்சாகியிருந்தது. பதிப்பாளர் காலத்தில் அது மறைந்துகொண்டது. மாண்ட்கோமரியின் நூல் அப்போது 11ஆம் பதிப்பில் இருந்தது. கட்டுரைக்குப் பிறகும் அது விற்பனையாகிக்கொண்டுதான் இருந்தது. மெக்காலே 1834இல் சென்னையில் கரையிறங்கி உதகமண்டலம் போனார். நம்மூரில் அவர் பெயர் வேறொரு குறிப்புக்காகவே நினைக்கப்படுகிறது. இந்தக் கட்டுரைக்காகவும் நினைக்கலாம்.

இலவசப் பிரதி பெற்றும் ஒரு சொல் புகழாத ஒரு வாசகர் அன்று இருந்தார். அவர் பெயர் அரசாங்கம். 1867ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டப்படி, அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதிகளையும் அரசுக்குச் செலவில்லாமல் தரவேண்டும். மாகாண அரசு அவற்றைப் பட்டியலிட்டுக் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிட்டது. 1954ஆம் ஆண்டின் நூல்கள் வழங்கல் சட்டம் இதே கடமையை நூலகங்களின் பொருட்டு விதித்தது. பிரதி பெறும் நூலகங்களுள் சென்னைக் கன்னிமாராவும் ஒன்று. நன்றிக்கடன் ஏதுமின்றி இலவசப் பிரதி பெறுவதற்கு ஒரு வழி, கேட்டுப் பெறும் உரிமையைச் சட்டமாக்கிக்கொள்வது. தனிமனிதருக்கு அந்த வழி இல்லை. எழுதுகிறவருக்கும் எழுதப்படுகிறவருக்கும் நடுவே முகம் இருக்கிறது, பழக்கம் இருக்கிறது.

அந்த முகத்தையே அகற்றிப் பார்த்த ஒருவர் தமிழில் உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார் (1870–1903), தனிப்பாசுரத் தொகை என்னும் தம் செய்யுள் நூலைப் 'பரிதிமாற் கலைஞன்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். இன்று நாம் இதைத் தனித்தமிழ்ப் பற்றின் முதல் அடையாளமாக மட்டும் படிக்கிறோம். ஆனால் புனைபெயருக்கு அவர் காட்டிய காரணம் மதிப்புரை பற்றியது. ஆக்கியோன் பெயரைப் பார்த்து நூலுக்கு மதிப்பிடுவதே உலக வழக்காக இருப்பதால், பெயரை மறைத்தால்தான் குணமும் குற்றமும் உள்ளபடி தெரியவரும் என்று அவர் கருதினார். நண்பர்களின் தாட்சண்யத்தை முன்கூட்டியே விலக்கிவிடும் ஏற்பாடு அது. அவர் வாழ்ந்த சிறு வயதுக்கு அது துணிச்சலான சோதனை.

அதே கல்லூரியில் அவரோடு 1898 முதல் பணியாற்றியவர் வேதாசலம். 1903இல் வெளிவந்த முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில், அசைக்க முடியாதவராகக் கருதப்பட்ட நச்சினார்க்கினியர் சொற்களை முன்பின்னாக எடுத்துக் கூட்டிப் பொருள் கொண்ட முறையை அவர் வெளிப்படையாக மறுத்தார். 1911இல் வேலையை விட்டுப் பல்லாவரத்தில் குடியேறினார்; மறைமலையடிகள் ஆனார். கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்று ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கு நோக்கி வருபவர் பல்லாவரத்தையும் தாம்பரத்தையும் கடந்து, வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி வழியாக மறைமலை நகருக்குப் போகிறார். தமிழ் விமர்சனத்தின் தொடக்க நாட்களோடு தொடர்புடைய பெயர்கள் இப்பாதையின் இரு முனைகளிலும் நிற்கின்றன. நடுவிலிருக்கும் ஊரப்பாக்கத்தில் இன்று எவ்வகை மதிப்புரைகள் மக்களை ஆள்கின்றன என்பதற்குப் பிறகு வருவேன்.

இடையில் கல்கியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் அவர் எழுதிய ஆடல் பாடல் பகுதி தமிழில் கச்சேரி விமர்சனத்தை வெகுஜன வாசிப்பாக்கியது. 1941இல் அவரும் டி. சதாசிவமும் சேர்ந்து 'கல்கி' இதழைத் தொடங்கினார்கள். சதாசிவத்தின் மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி. 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்து எம்.எஸ். ஈட்டிய பணம் அவ்விதழுக்கு முதலாயிற்று. 1945இல் வந்த 'மீரா' படத்தில் எம்.எஸ். பாட, கல்கி எழுதினார். எம்.எஸ்.ஸின் இசையைக் கல்கி போற்றியும் எழுதியிருக்கிறார்.

இதைக் குற்றப்பத்திரிகையாகப் படிப்பது பிழை. எம்.எஸ்.ஸின் பாட்டு எவருடைய பரிந்துரையாலும் வாழ்ந்ததன்று. கல்கியின் ரசனையும் 1941இல் பிறந்ததன்று. மேலும், மூவருக்கும் இடையிலிருந்த உறவு ஊரறிந்த செய்தி. அன்றைய வாசகர், கல்கி எம்.எஸ்.ஸைப் பற்றி எழுதும்போது அது யார் யாரைப் பற்றி எழுதுவது என்று அறிந்தே படித்தார். ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அக்கட்டுரையை எண்பது ஆண்டுகள் கழித்து ஒரு தொகுப்பில் முதன்முறையாகப் படிக்கும் இளம் வாசகருக்கு அது தெரியுமா? வெளிப்படையாக இருந்த ஒன்று, காலம் போகப் போக, எவரும் மறைக்காமலேயே மறைந்துவிடுகிறது. எழுத்து நின்று, அதைச் சூழ்ந்திருந்த பொதுஅறிவு அழிந்துபோகிறது. எல்லோருக்கும் தெரியும் என்ற சமாதானம் அந்தத் தலைமுறைக்கு மட்டுமே செல்லும். பனம்பாரனார் களத்தையும் ஆளையும் எழுதி வைத்ததால்தான் நமக்கு அவை தெரிகின்றன.

சிறுபத்திரிகை உலகம் இச்சிக்கலின் அடுத்த வடிவம். சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கினார். அதில் வந்த கவிதைகளிலிருந்து 1962இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பைக் கொண்டுவந்தார். இதழாசிரியரும் அவரே, விமர்சகரும் அவரே, பதிப்பாளரும் அவரே, மூட்டை சுமந்து ஊர் ஊராக விற்றவரும் அவரே. சில நூறு பேர் மட்டுமே எழுதி, அவர்களே வாசித்து, அவர்களே மதிப்பிட்ட ஓருலகில் உறவில்லாத மதிப்புரையாளரைத் தேடுவது கடலில் உப்பில்லாத இடம் தேடுவதைப் போன்றது. விலை கொடுத்து வாங்கியே விமர்சிப்பேன் என்ற விரதம் அங்கே நடைமுறைக்கு ஆகாது. ஆண்டு முழுவதும் மதிப்புரை எழுதுகிறவர் அத்தனை நூல்களையும் தம் காசில் வாங்க முடியாது. வாங்கினால், கையில் பணம் இருப்பவர் மட்டுமே விமர்சகராக இருக்கலாம் என்றாகும். ஆகவே இலவசப் பிரதியைக் குற்றம் என்று சொல்வதற்கில்லை. அப்பிரதியைவிடக் கனமான இலவசங்கள் வேறு உண்டு. என் நூலுக்கு நேற்று அவர் எழுதினார், இன்று அவர் நூல் என் மேசையில் இருக்கிறது என்பது அவற்றுள் ஒன்று. அணிந்துரை கொடுத்தவரே மதிப்புரையும் எழுதுவது இன்னொன்று. இருநூறு ரூபாய்ப் புத்தகத்துக்காக நாக்குப் பிறழ்பவர் சிலரே. தாட்சண்யத்துக்காகப் பிறழ்ந்தவர் அநேகர்.

அரசுகள் இக்கேள்வியைக் கையிலெடுத்தது நம் காலத்தில்தான். அமெரிக்காவின் மத்திய வாணிப ஆணையம் 2009 அக்டோபரில் தன் பரிந்துரை விதிகளைத் திருத்தி, இலவசமாகப் பொருள் பெற்று இணையத்தில் எழுதுவோர் அதைச் சொல்லியாக வேண்டும் என்றது. நாளிதழ் மதிப்புரையாளருக்கு இல்லாத கடமை எங்களுக்கு மட்டும் ஏன் என்று இணையத்தில் நூல் மதிப்புரை எழுதியவர்கள் கொதித்தார்கள். நாளிதழுக்குப் பிரதி இலவசமாக வரும் என்பது வாசகர் எதிர்பார்க்கும் செய்தி, தனிமனிதர் எழுதும்போது அந்த எதிர்பார்ப்பு இல்லை என்பதே விடையின் சாரம். நம் இதழ்களின் 'வரப்பெற்றோம்' பட்டியல் அந்த எதிர்பார்ப்பை வாசகரிடம் உண்டாக்கி வைத்திருந்தது என்று இப்போது புரிகிறது.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் இடையே, பரிந்துரையின் நம்பகத்தைப் பாதிக்கக்கூடியதும், கேட்போர் இயல்பாக எதிர்பார்க்க முடியாததுமான தொடர்பு இருந்தால் அதை முழுமையாக வெளியிட வேண்டும் என்கிறது அது. 2023 ஜனவரியில் வந்த விளக்கக் குறிப்பு, பணம் மட்டுமல்லாமல் இலவசப் பொருளும் பயணமும் தங்குமிடமும் உறவுமுறையும் கூடத் தொடர்பே என்று விரித்துரைத்தது. சட்டத்தில் அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை. மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. நன்னூலார் பாயிரம் சொல்ல உரியவராக வகுத்த உறவுகளை ஆணையம் அறிவிக்க வேண்டிய உறவுகளாக வகுத்தது. 'கேட்போர்' என்ற சொல் இரண்டிலும் பொது.

ஊரப்பாக்கம் போன்ற ஊர்களுக்கு இது ஏட்டுச் செய்தி அன்று. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டதற்கு முன்பும் பின்பும் இப்பகுதியின் மனைகளையும் அடுக்ககங்களையும் பற்றிப் படம் பிடித்துப் பேசுவோர் பெருகினார்கள். மனையைச் சுற்றிக் காட்டும் குரலுக்கு உரியவர் அங்கே யாருடைய வண்டியில் வந்தார், மதிய உணவு யாருடையது, விற்பனையில் அவருக்குப் பங்குண்டா என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். தவறான நூலை வாங்கிய வாசகர் இருநூறு ரூபாயோடு தப்பித்துக்கொள்வார். மழைக்காலத்தில் நீர் தேங்கும் மனையை வாங்கிய குடும்பம் இருபது ஆண்டுத் தவணையைக் கட்டிக்கொண்டிருக்கும். மதிப்புரை என்ற சொல்லின் 'மதிப்பு' அங்கே வாழ்நாள் சேமிப்பு.

இலக்கிய வாசகர்களான நாம் இதைப் பார்த்து, அது வணிகம், நம்முடையது கலை என்று ஒதுங்கிவிட முடியாது. மனை காட்டுபவரிடம் நாம் கேட்கும் நேர்மையை நூல் காட்டுபவரிடமும் கேட்டாக வேண்டும். சட்டம் நம் சிறு உலகத்துக்குள் எட்டிப் பார்க்காது. அணிந்துரை எழுதியவரே மதிப்புரையும் எழுதினார் என்று யாரும் அபராதம் விதிக்கப்போவதில்லை. அதனாலேயே இது நம் பொறுப்பாகிறது. செய்ய வேண்டியதும் பெரிதொன்றுமில்லை. மதிப்புரையின் கீழே, விலையும் பக்கமும் போடும் இடத்தில், இன்னும் ஒரு வரி: பிரதி பதிப்பகம் அனுப்பியது, ஆசிரியர் என் நண்பர், இந்நூலின் மெய்ப்புத் திருத்தியவன் நான். இப்படி எழுதினால் மதிப்புரையின் மதிப்பு குறைந்துவிடும் என்று அஞ்சுவோர், சாத்துகவியின் தலைப்பில் 'இன்னார் மாணாக்கர்' என்று கூசாமல் போட்டுக்கொண்ட வித்துவான்களை நினைத்துக்கொள்ளலாம். அவர்களுடைய பாட்டுகளை நாம் இன்று எவ்வளவு கழித்துப் படிக்க வேண்டும் என்பதை அறிகிறோம். அவர்களே அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.